கடற்கரை ஊர்ப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆய்வு: ஊரையும் சேர்த்துக்கொண்டு செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சாயல்குடிப் பெண் (கேள்வி):

வணக்கம். கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் வருஷம் இருக்கிறேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேல் ஏன் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள் என்பது தலைப்பு. நான் ராமநாதபுரம் மாவட்டம்தான், ஆனால் கரை ஊர் இல்லை. எங்கள் வீட்டில் மிளகாயும் கரிமூட்டமும்தான், கடலில் கால் நனைத்ததே தாத்தாவுக்குத் திதி கொடுக்கச் சேதுக்கரைக்குப் போனபோதுதான்.

போன மாதம் 42 கேள்விகள் உள்ள படிவத்தை எடுத்துக்கொண்டு ஏர்வாடிக்கும் பெரியபட்டணத்துக்கும் நடுவில் ஒரு ஊருக்குப் போனேன். பூவரச மரத்தடியில் ஐந்தாறு பெண்கள் காய்ந்த கடற்பாசியில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் ஒரு அம்மா, விரலில் துணி சுற்றியிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: "போன வருஷமும் ஒரு பிள்ளை இப்படித்தான் நோட்டோட வந்துச்சு. அதுக்கு முந்தியும் வந்தாங்க. எழுதிட்டுப் போனதெல்லாம் எங்க இருக்கு? ஒண்ணையாவது எங்களுக்குக் காட்டுங்களேன்." என்னிடம் பதில் இல்லை. என் ஆய்வேடும் ஆங்கிலத்தில் பல்கலைக்கழக நூலகத்து அலமாரிக்குத்தான் போகும், அந்த அம்மா கையில் ஒருநாளும் வராது. 2018ல் நம் மாவட்டத்தை முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்த பிறகு கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை, அதனால் அவர் கேட்டது நியாயம்தான்.

அன்றைக்கே என் படிவத்தின் லட்சணமும் தெரிந்துவிட்டது. தாயின் தொழில் என்ற இடத்தில் முதல் விடையாக "இல்லத்தரசி" என்று அச்சடித்திருந்தேன், கேட்டுக்கொண்டிருப்பவரோ விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பாசி எடுத்துவிட்டு வந்தவர். மாத வருமானம் எவ்வளவு என்று இன்னொரு கேள்வி. பங்குக்குத் தொழில் செய்கிற வீட்டில் மாதம் என்று ஒரு கணக்கே இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

நெறியாளரிடம் சொன்னேன். 300 படிவம் நிரப்பிக்கொண்டு வா, மற்றதெல்லாம் வேலைக்குப் போன பிறகு பார்க்கலாம் என்கிறார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளும் கனடாவின் பூர்வகுடிகளும் தங்களைப் பற்றிய ஆய்வைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் முறைகள் இருப்பதாகப் படித்தேன். நம் கரை மக்கள் அரசுப் பட்டியலில் பழங்குடிகள் இல்லையே, அவர்கள் முறையை இங்கே எடுத்தாளலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஊருக்குத் திரும்பவும் வெறுங்கையோடு போக எனக்கு மனசு வரவில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மண்டபம் பக்கம்:

அம்மா, நான் கரை ஊர் நடுநிலைப் பள்ளிகளில் 19 வருஷம் வேலை பார்த்தவன். ஆராய்ச்சி முறை பற்றி எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மாதாமாதம் வருகைச் சதவீதம் போட்டு மேலே அனுப்புவோம். ஆறு முதல் எட்டு வரை பெண்பிள்ளைகளின் வருகை எப்போதும் கொஞ்சம் குறைவாக இருக்கும். காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று நானே என் கையால் பல மாதம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உறுத்துகிறது.

ஒருநாள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். 2009ம் வருஷச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், ஆனால் கையெழுத்து வாங்குவதோடு முடித்துவிடுவதுதான் அப்போது வழக்கம். அன்றைக்கு ஒரு தாய், பாசி எடுக்கிறவர், பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "சார், எத்தனை நாள் வரலைன்னு சொல்றீங்க, எந்தெந்த நாள் வரலை?" என்று கேட்டார். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது, அதை எடுத்து வரச் சொன்னார். பிள்ளைகள் வராத தேதிகளை நான் படிக்கப் படிக்க அவர் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டார். முடிந்ததும் பார்த்தால் கோடுகளெல்லாம் இரண்டே இடத்தில் குவிந்து கிடந்தன, அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும். அந்த நாட்களில்தான் தண்ணீர் நன்றாக வற்றும், பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டுக்கு) மேல் நின்று பாசி எடுக்கலாம். தாய்மார்கள் விடியுமுன்னே வள்ளத்தில் போய்விடுவார்கள். மூத்த பெண்பிள்ளை வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு சோறு பொங்கும். ஆங்கில மாதத்துக்குச் சராசரி போட்டு அனுப்பியபோது இது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நிலாக் கணக்கில் பார்த்த ஒரு தாய்க்குக் கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

வழியையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த நாட்களில் முறைவைத்து ஒரு பெண் கடலுக்குப் போகாமல் எல்லார் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பாசி அவளுக்குக் கொடுப்பது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அதன்பிறகு அமாவாசை நாளிலும் பள்ளிக்கு வந்தார்கள். நான் மாறுதலில் போன பிறகு அது நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். எழுதி வைத்திருந்தால் அடுத்து வந்தவர் தொடர்ந்திருப்பார். எனக்குத் தோன்றவில்லை, அந்தக் குறை என்னுடையது.

அதனால் படிப்பாளிகள் யாரும் வராதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஊர் கண்டுபிடித்ததை ஊருக்காக எழுதி வைக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அடுத்த முறை படிவத்தை வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டின் நகலோடு போங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு. என்ன தெரிகிறது என்று அவர்களைக் கேளுங்கள்.

பாம்பன் நாட்டுப்படகு:

அக்கா, நான் தொழிலுக்குப் போகிறவன், பத்தாவதோடு நின்றுவிட்டேன், அதாவது நீங்கள் ஆராய்ச்சி செய்கிற ஆள் நான்தான். எங்களிடம் பேச வருகிறவர்கள் முதலில் தப்பு செய்வது நேரத்தில். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்திருக்கிறது. மீன்பாட்டுக்குப் போய்விட்டுத் தூக்கமில்லாமல் கரை ஏறுகிறவனிடம் 42 கேள்வி கேட்டால் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வான், நானே சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு ஆட்கள் கரையில்தான் வலை பொத்திக்கொண்டு இருப்பார்கள், அப்போது வாருங்கள். வாடை அடிக்கும்போது வடகடலில் தொழில் இருக்காது, கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது தென்கடலில் இருக்காது, சில குடும்பங்கள் அதற்கேற்பக் கரை மாறும், பிள்ளை இந்தப் பள்ளியில் பேர் இருக்க அந்தக் கரையில் இருக்கும். இதை இடைநிற்றல் என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம், நான் ஏன் நின்றேன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, அப்பாவைத்தான் கேட்டார்கள். வீட்டில் கஷ்டம் என்று அவர் சொன்னார், எழுதிக்கொண்டு போனார்கள். கஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால் நான் நின்றதற்குக் காரணம், வகுப்பில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் "கடக்கரை" என்றே ஒருவர் கூப்பிட்டது. நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கயிற்றைத் தொட்டுச் சொல்கிற எனக்கு ஒன்றும் ஏறாது என்று 40 பேர் முன்னால் சொன்னார். பிள்ளைகளையும் கேளுங்கள் அக்கா.

முடிவைச் சொல்லக் கடல் ஓசை வானொலி இருக்கிறது, பாம்பனில் இருந்து 90.4ல் வருகிறது, மீனவர்களுக்கென்றே நடப்பது. புத்தகத்தைப் படிக்கமாட்டோம், வானொலியைக் கேட்போம்.

தொண்டிக்காரன்:

நான் கல்வி ஆராய்ச்சியில்தான் வேலை செய்கிறேன், இப்போது வெளியூரில். மேலே பாம்பன் தம்பி எழுதியதைப் படித்ததும் நியூசிலாந்தில் நடந்தது நினைவுக்கு வந்தது, ஏறக்குறைய அதேதான். அங்கே 2001ல் தே கோட்டாஹிடாங்கா என்ற திட்டம் தொடங்கியது, வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் ரஸ்ஸல் பிஷப்பும் அவரோடு இருந்தவர்களும் செய்தது. மாவோரிப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று 9, 10ஆம் நிலை மாணவர்களையே உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள், பிறகு குடும்பத்தார், பள்ளித் தலைவர்கள், ஆசிரியர்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் வீட்டுச் சூழலையும் பிள்ளைகளின் குறையையும் சொன்னார்கள். பிள்ளைகளோ, ஆசிரியர் எங்களோடு எப்படிப் பழகுகிறார் என்பதுதான் முக்கியம் என்றார்கள். பிள்ளைகள் சொன்னதை அடிப்படையாக வைத்து ஆசிரியர் பயிற்சியையே மாற்றி அமைத்தார்கள். உங்கள் நெறியாளர் சொல்லும் 300 படிவமும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மட்டும் போனால் "வீட்டில் கஷ்டம், அக்கறை இல்லை" என்ற விடைதான் 300 தடவை வரும்.

பழங்குடி பற்றிக் கேட்டீர்கள். ஆராய்ச்சி என்ற சொல்லே பூர்வகுடிகளின் காதில் மிக அசிங்கமான சொற்களில் ஒன்று என்று மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999ல் எழுதினார். அந்தக் கோபத்துக்குப் பின்னால் நிலம் பறிபோனதும் மொழியைப் பேசியதற்குப் பள்ளியில் அடி வாங்கியதும் இருக்கின்றன. அது அவர்களுடைய வரலாறு. நம் கரைக்கு அந்தப் பெயரை ஒட்டினால் அவர்களுக்கும் நியாயமில்லை, நம் ஊரில் சாதி செய்கிற வேலையும் அதில் மறைந்துபோகும். பெயரை விட்டுவிட்டு அவர்கள் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த ஆய்வு யாருக்கு வேண்டும், கேள்வியை யார் போட்டது, எழுதியது யாரிடம் இருக்கும், தப்பாக எழுதினால் திருத்தச் சொல்ல யாருக்கு உரிமை. கனடாவின் முதற்குடிகள் 1998ல் இதை நான்காக வகுத்து வைத்தார்கள். தங்களைப் பற்றிய தகவலின் உடைமை, அதன்மேல் கட்டுப்பாடு, வேண்டும்போது பார்க்கும் உரிமை, அதைத் தங்கள் கையிலேயே வைத்திருப்பது.

இதெல்லாம் சும்மா மரியாதைக்காக வந்தது இல்லை. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்குள் வாழும் ஹவாசுபாய் மக்களிடம் 1990ஐ ஒட்டி, சர்க்கரை நோய் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கவலை இருந்ததால் கொடுத்தார்கள். பிறகு அதே ரத்தத்தில் மனச்சிதைவைப் பற்றியும், உறவுக்குள் மணம் முடிப்பதைப் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆய்வு நடந்தது, அவர்களைக் கேட்காமலே. வழக்குப் போட்டார்கள், 2010ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

கையெழுத்து விஷயத்துக்கு வழி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளை உங்கள் பல்கலைக்கழக நெறிக்குழுவும் அநேகமாகப் பார்க்கும். எழுத்தில் வாங்க முடியாத இடத்தில் சாட்சி முன்னிலையில் வாய்மொழி ஒப்புதலுக்கு அதில் இடம் உண்டு. பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயது முதல் 18 வரையுள்ள பிள்ளையின் சம்மதமும் வேண்டும் என்கிறது. பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும்.

நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். 1972ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது, கிராமத்து ஆசிரியர்களே வகுப்பில் சோதித்துப் பாடத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். 2002ல் அரசு மூடிவிட்டது. தலைமையாசிரியர் ஐயா சொன்ன கதைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

சின்னப்பாலம் மகள்:

எல்லாரும் நல்லதுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் சில விஷயம் கரையில் பிறந்தவள் சொன்னால்தான் வரும். என் அம்மா பாசி எடுப்பவர். நான் பி.எட். முடித்திருக்கிறேன்.

அக்கா, "ஊர்" என்று ஒரு ஆள் கிடையாது. ஊரைச் சேர்த்துக்கொள்வது என்று எல்லாரும் முதலில் சங்கத் தலைவரிடம் போவார்கள், மரியாதைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் படகு வைத்திருக்கும் ஆண்கள். படகு இல்லாத வீடு, கணவன் இல்லாத வீடு, வேறு சாதி வீடு, இவர்கள் அங்கே வாய் திறக்கமாட்டார்கள். பாசிப் பெண்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்பை வைத்துச் சுரண்டாமல் கையால் எடுப்பது என்றெல்லாம் பெண்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். எது எப்போது எவ்வளவு வளரும் என்று பார்த்து முடிவு செய்ததுதானே அது? அதற்குப் பெயரும் ஆராய்ச்சிதான். எங்கள் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015ல் சீகாலஜி பரிசு கிடைத்தது, தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்கு ஒரு அமெரிக்க அமைப்பு கொடுப்பது. அவர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதற்குக் கொடுத்த பரிசு இல்லை அது.

இரண்டாவது, பயம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் 1986ல் தேசியப் பூங்காவாகிவிட்டன, உள்ளே போனால் வழக்கு. கையெழுத்து என்றதும் பெண்கள் எழுந்து போனது அதனால்தான். நீங்கள் ஆய்வேட்டில் "இந்த ஊர்ப் பெண்கள் இன்ன தீவுக்கு இன்ன நாளில் போகிறார்கள், கூடவே 13 வயதுப் பெண்பிள்ளையும் போகிறாள்" என்று எழுதினால், எழுதியது உண்மையாகவே இருந்தாலும் அடுத்த வாரம் எங்கள் வள்ளத்தைத்தான் பிடிப்பார்கள். தலைமையாசிரியர் ஐயா சொன்ன பதிவேட்டு யோசனை ரொம்ப நல்லது, அதுவே ஆபத்தும்கூட. எந்த நாளில் யார் வீட்டில் ஆள் இல்லை என்று அதில் தெரிந்துவிடுகிறதே. அதனால் ஊர்ப் பெயர், தீவுப் பெயர் எதுவும் வேண்டாம். எழுதியதை அச்சுக்கு முன்னால் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், இதை எடுத்துவிடு என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இரண்டு வருஷம் முன்னால் சிலர் வந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பெயரெல்லாம் எழுதிக்கொண்டு, கடலறிவைப் பாடத்தில் சேர்க்கப் போகிறோம் என்றார்கள். என் அம்மா சொன்னார்: "பாசியப் பத்தி என் பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்துக்கிறேன். கணக்கு சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்ல. ஒரு கணக்கு வாத்தியார அனுப்புங்க." வந்தவர்கள் அதை எழுதிக்கொள்ளவே இல்லை, அவர்கள் தேடி வந்தது அது இல்லை. எங்கள் அறிவை மதியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிட்டு இயற்பியலையும் கணக்கையும் நகரத்துப் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் ஏன் நிற்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு, திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறதா, அங்கே ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குக்கு ஆள் இருக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, இதையும் படிவத்தில் சேருங்கள். எங்களை மட்டும் ஆராயாமல் பள்ளியையும் ஆராய்ந்தால் நாங்களும் உங்களோடு சேர்ந்து வருவோம்.

சாயல்குடிப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாம்பன் தம்பி, உங்களுக்கு நடந்ததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதை இங்கே எழுதியதற்கு நன்றி.

தலைப்பை மாற்ற விண்ணப்பம் எழுதிவிட்டேன். "பிள்ளைகள் ஏன் நிற்கிறார்கள்" என்பதை "உயர்நிலைப் பள்ளி கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு எட்டும்படி இருக்கிறதா" என்று. நெறியாளர் முகம் சுளித்தார், ஆனால் நெறிக்குழு ஒப்புக்கொண்டால் சரி என்றார். அதுவே எனக்குப் போதும். வாய்மொழி ஒப்புதலுக்கும் சேர்த்தே கேட்டிருக்கிறேன். ஆய்வேட்டைத் தருமுன் தமிழில் பத்துப் பக்கம் எழுதி, பெண்கள் கூட்டத்தில் முதலில் வாசிப்பது, அவர்கள் சரி என்றால் அக்டோபர் 2 கிராம சபையில் வைப்பது என்று நினைக்கிறேன். கிராம சபையில் வைத்தால் தீர்மானமாகப் போட்டு, பேருந்து நேரத்தையாவது கேட்கலாம் அல்லவா?

சின்னப்பாலம் தங்கச்சி, உங்களிடம் ஒரு கேள்வி. பிள்ளைகளிடம் பேச ஊர்ப் பெண்கள் இரண்டு பேரை என்னோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன், உதவித்தொகையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. ஒரு நாளுக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? அவர்கள் பெயரை ஆய்வேட்டில் போடலாமா?

சின்னப்பாலம் மகள்:

ஒரு நாள் பாசிக்குப் போனால் என்ன கிடைக்குமோ அதற்குக் குறையக் கூடாது, அதை அவர்களிடமே கேளுங்கள், நான் இங்கே சொன்னால் சரியாக இருக்காது. பாசி நாளில் கூப்பிடாதீர்கள். பெயர் போடுவதா வேண்டாமா என்பது எழுதி முடித்து வாசித்துக் காட்டிய பிறகு அவர்கள் சொல்லட்டும், முன்னாலேயே கேட்டால் உங்கள் முகத்துக்காகச் சரி என்றுவிடுவார்கள். கிராம சபையில் வைப்பது நல்லது, ஆனால் பேசப்போவது நீங்கள் இல்லாமல் அவர்களில் ஒருவராக இருக்கட்டும்.

அமாவாசை கழிந்து நான்கைந்து நாள் ஆனதும் எங்கள் பக்கம் வாருங்கள் அக்கா. பாசி காய்ந்துகொண்டிருக்கும், அம்மா வீட்டில்தான் இருப்பார். படிவம் எதுவும் முதல் நாள் கொண்டுவர வேண்டாம்.